வாசலுக்கு உள்ளே இங்கிலீஷ் இல்லை

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டில் அதிகம் கதைத்தது என் மகள்தான். அப்போது அவளுக்கு நாலு வயது. காலையில் கண் விழித்தவுடனே தொடங்குவாள். பால் ஏன் போத்தலில் வருகிறது, அப்பா போகிற ரெயில் இரவில் எங்கே படுக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனை ஏன் எங்கள் வீட்டுக் குசினிக்குள் வந்துவிட்டு எங்களைக் கண்டு முழிக்கிறது. சோறு தீத்தும்போது வாயைத் திறப்பாள், ஆனால் அது சோற்றுக்கு அல்ல, அடுத்த கேள்விக்கு. "கொஞ்சம் வாயை மூடு பிள்ளை, எனக்குத் தலை வெடிக்குது" என்று நான் சொல்லாத நாளே இல்லை.

ஆகவே, பாலர் பள்ளி ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கள் மகளுக்குப் பேச்சு வருமா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் நிறத்து ஆட்களுக்கும் இந்த நாட்டுக் கதவு திறந்து அதிக காலம் ஆகவில்லை. இவருக்கு, அதுதான் என் கணவருக்கு, ரெயில்வேயில் என்ஜினியர் வேலை கிடைத்து, கொழும்பிலிருந்து வந்து கோல்ஃபீல்டில் ஒரு செங்கல் வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். வருஷத் தொடக்கத்தில் மகளைப் பக்கத்துத் தெருப் பாலர் பள்ளியில் சேர்த்தோம். ஜூனில் இங்கே குளிர்காலம் வந்துவிட்டது. அந்த மாதங்களில் அவள் அங்கே ஒரு சொல்கூடச் சொல்லவில்லையாம். மூலையில் இருந்து ஒரே படத்துண்டுகளை அடுக்குவாளாம், கலைப்பாளாம், திரும்ப அடுக்குவாளாம். மற்றப் பிள்ளைகள் அவளுக்குத் தொப்பி போட்டுப் பார்ப்பார்களாம், தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவார்களாம். என் பிள்ளையைப் பொம்மையாக்கி வைத்திருந்தார்கள்.

ரீச்சர் கெட்டவர் அல்ல, அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவர் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார். "வீட்டில் நீங்கள் பேசுகிற அந்த மொழியை நிறுத்துங்கள். பிள்ளை குழம்பிப்போயிருக்கிறாள். இன்றிலிருந்து இங்கிலீஷ் மட்டும்." அந்தக் காலத்தில் டாக்டர், ரீச்சர், தபால் கந்தோரில் முத்திரை விற்கிறவர் என்று எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள்.

இவர் எதையும் யோசித்துச் செய்கிற ஆள். "அவ சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. ஒருக்காச் செய்து பாப்பம்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டை இங்கிலீஷில் சாப்பிட்டோம். "தயவுசெய்து உன் சோற்றைச் சாப்பிடு" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். "இந்தப் பருப்பு மிகவும் நன்றாக இருக்கிறது" என்று இவர் இங்கிலீஷில் சொன்னார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதர் என் பருப்பை எந்த மொழியிலும் புகழ்ந்தது கிடையாது. மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கண்ணால் நீர் வழிய, "சண்டை பிடிக்காதீங்கோ" என்றாள்.

பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் இருவரும் வீட்டில் இங்கிலீஷ் பேசுவது இரண்டே விஷயத்துக்கு. ஒன்று, பிள்ளைக்கு விளங்கக் கூடாத இரகசியம். மற்றது, பிள்ளைக்கு விளங்கக் கூடாத சண்டை. பிறந்த நாளிலிருந்து அவள் கேட்ட இங்கிலீஷ் அதுதான். அந்த மொழியில் வாய் திறந்தாலே யாரோ யாரோடோ கோபம் என்று அவள் நினைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட மொழியை நாள் முழுக்கப் பேசுகிற ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் மூலையில் ஒடுங்கி இருந்ததில் என்ன ஆச்சரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோபல் பார்க்கில் இருந்த ஒரு தெரிந்த குடும்பத்திடம் போனோம். எங்களுக்கு முன்பே வந்து குடியேறிய யாழ்ப்பாணத்து ஆட்கள். அந்த அன்ரியிடம் என் கவலையைச் சொன்னேன். "இதுக்கே இப்பிடி அழுறீர்? நாங்கள் வந்த கிழமையே தமிழை விட்டிட்டம். இப்ப பாரும், பிள்ளையள் வெள்ளைக்காரர் மாதிரிக் கதைக்குதுகள். என்ன குறைஞ்சு போச்சு?" என்றார். அந்த நேரம் அவருடைய மகன் உள்ளே வந்து என்னவோ கேட்டான். அன்ரி பதில் சொல்ல எழுந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, இலக்கணம் சரிபார்த்து, வங்கிக் கவுண்டருக்கு முன்னால் நிற்பவர் மாதிரித் தன் பிள்ளையோடு பேசினார். அவன் பாதியில் போய்விட்டான். அன்ரி மிச்ச வசனத்தைக் கதவுக்குச் சொல்லி முடித்தார்.

இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே தெரியும், கொழும்பில் அதில்தான் வேலை பார்த்தேன். ஆனால் என் பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் ஏசுவதற்கும் என்னிடம் இருந்தது தமிழ் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு நான் அவளுக்கு யார்? காரில் திரும்பி வரும்போது இவரிடம் அப்படியே கேட்டேன்.

அடுத்த நாள் உடுப்புக் காயப் போடும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். போலந்திலிருந்து வந்த யூதப் பெண்மணி. ஐம்பது வயது தாண்டியவர். வீட்டில் தையல் மெஷின் வைத்து ஊராரின் கால்சட்டைகளை வெட்டிச் சுருக்கிக் கொடுப்பார். அந்தப் பூனை அவருடையதுதான். "எனக்கு ஏழெட்டு மொழி தெரியும், எல்லாம் பிழையாகத் தெரியும்" என்று முதல் நாளே சொன்னவர். உடுப்புப் பிடியை வாயில் வைத்துக்கொண்டே நான் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன்.

"இரண்டு தெரு தள்ளி எங்கள் ஜெபமண்டபத்துக்குப் பின்னால் ஒரு பாலர் பள்ளி இருக்கிறது. அங்கே காலையிலிருந்து மத்தியானம் வரை ஹீப்ரு மட்டும்தான். இஸ்ரேலிலிருந்து ஒரு பெண் வந்து நடத்துகிறாள்" என்றார்.

"அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹீப்ரு தெரியுமே" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டில் இங்கிலீஷ், ஒரு வீட்டில் போலிஷ், ஒரு வீட்டில் ஹங்கேரியன். எல்லாரும் முதல் நாள் பாயில் மரக்கட்டை மாதிரி இருப்பார்கள். உன் மகளும் கட்டைகளுக்குள் ஒரு கட்டையாக இருக்கட்டும். ஒருவருக்கும் விளங்காத இடத்தில் வெட்கம் ஏது?"

இரவு இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து மடியில் வைத்தார். அது பெரிய விஷயங்களுக்கு மட்டும் செய்வது.

"பிள்ளை இங்கிலீஷ் கதைக்கேல்லை எண்டதுக்கு மருந்து ஹீப்ருவோ? கால் நோகுது எண்டு போனவனுக்குக் கண்ணாடி எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்கு. நீர் யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"யோசிக்கேல்லை. நாங்கள் யோசிச்சுச் செய்ததுதானே இவ்வளவும் பிழைச்சது."

"நாளைக்கு அவள் பெரிய பள்ளிக்கூடம் போகவேணும். அங்கை ஹீப்ருவிலை ஆர் கேக்கப்போறான்?"

"அங்கை இங்கிலீஷ் எல்லாருக்கும் வரும், இவளுக்கும் வரும். முதல்லை வீட்டுக்கு வெளியிலை ஒரு இடத்திலை அவள் வாயைத் திறக்கட்டும். அது எந்த மொழி எண்டாலும் எனக்குக் காரியமில்லை."

மூன்று நாள் வீட்டில் கதை குறைவாக இருந்தது. நாலாம் நாள் இவர் தானாகவே, "சரி, போய்ப் பாக்கிறதுக்குக் காசு கேக்கமாட்டினம்தானே" என்றார். அந்த வாயிலிருந்து அதுவே பெரிய சம்மதம்.

நாங்கள் போன காலையில் நல்ல மழை. பச்சைக் கதவைத் தட்டினோம். ஒரு இளம் பெண் எட்டிப் பார்த்தாள். அந்தக் குளிரிலும் காலில் செருப்புத்தான். நாங்கள் யாரென்று இங்கிலீஷில் சொல்லத் தொடங்கியதும் விரலை வாயில் வைத்து, எங்களைப் படிக்கட்டுக்குத் தள்ளி, தானும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். குடை விரித்தாள். "இப்போது பேசுங்கள். வாசலுக்கு உள்ளே இங்கிலீஷ் இல்லை" என்றாள். அவள்தான் ரீச்சர். எங்கள் நேர்முகப் பரீட்சை முழுவதும் மழைக்குள்தான் நடந்தது.

"நீங்கள் யூதர்களா?"

"இல்லை."

"ஆக விரும்புகிறீர்களா?"

இவர் கண்ணாடியில் மழைத்துளியோடு மிகவும் மரியாதையாக, "இல்லை, நாங்கள் இந்துக்கள், அதையே ஒழுங்காகச் செய்ய நேரம் கிடைப்பதில்லை" என்றார்.

"நல்லது. உங்களை மாற்ற எனக்கும் நேரமில்லை. பிறகு ஏன் இங்கே வந்தீர்கள்?"

நான் சொன்னேன். பழைய பள்ளியில் இவளுக்கு மட்டும் விளங்காது, எல்லாருக்கும் விளங்கும், அதுதான் பிரச்சினை என்றேன். ஒருவருக்கும் விளங்காத இடம் ஒன்று தேடுகிறேன் என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு குனிந்து, என் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மகளிடம் ஹீப்ருவில் ஏதோ சொல்லிக் கையை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரீச்சர் கதவுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "கமிட்டியோடு நான் பேசிக்கொள்கிறேன். ஒரு விஷயம், வீட்டில் சமைத்தது எதுவும் தந்துவிட வேண்டாம், பழம் மட்டும்" என்றாள். நான் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வந்தது. இவர்தான் சொன்னார். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ளை அங்கையும் வாய் திறக்கேல்லை எண்டா, வாற வருஷம் வீட்டிலை இங்கிலீஷ்தான். நீரும் அழக்கூடாது, நானும் விட்டுக்குடுக்கமாட்டன்." அவர் சொன்னதில் பிழை இல்லை. சரி என்றேன். சொல்லிவிட்டு அன்றிலிருந்து கிறிஸ்மஸை எண்ணிப் பயந்த ஒரே ஆள் மெல்பேர்னில் நானாகத்தான் இருப்பேன்.

மகள் அங்கே சந்தோஷமாகப் போனாள். காலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்பாள். படத்துண்டு மூலை போய்விட்டது, பாயில் நடுவில் இருக்கிறாள் என்று ரீச்சர் சொன்னாள். ஆனால் சத்தம்? நான் மத்தியானம் கூட்டிவரப் போகும்போது படிக்கட்டில் நின்று கண்ணாலேயே கேட்பேன். ரீச்சர் கதவைத் தாண்டி வெளியே வந்து, "இன்னும் இல்லை. ஆனால் அந்தக் காது வேலை செய்கிறது, எனக்குத் தெரியும்" என்பாள். காது வேலை செய்வது எனக்கும் தெரியும். வாய்க்குத்தானே இவ்வளவும்.

அப்பாவை ஹீப்ருவிலும் கிட்டத்தட்ட அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதிலிருந்து இவருக்கு அந்த மொழியில் கொஞ்சம் மதிப்பு வந்துவிட்டது. "பாத்தீரே, அடிப்படை சரியாத்தான் இருக்கு" என்றார். அம்மாவுக்கு மட்டும் அவர்களிடம் வேறு சொல். எங்கே போனாலும் ஆம்பிளைகளுக்குத்தான் வசதி.

வெள்ளிக்கிழமைகளில் நான் தலை முழுகி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவேன். மெல்பேர்னில் அப்போது ஒரு கோயிலும் இல்லை, அந்தப் படம் வைத்த தட்டுத்தான் எங்கள் கோயில். ஒரு வெள்ளிக்கிழமை நான் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினால், மகள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு விளக்குக்கு முன்னால் நிற்கிறாள். ஒளித்துப் பிடித்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "என்ன பிள்ளை?" என்றேன். "விளக்குக் கொளுத்தினால் இப்பிடித்தான்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. அடுத்த நாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வேலியில் சொன்னேன். யூதப் பெண்கள் வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கண்ணைப் பொத்துவார்கள் என்றார். "என் அம்மா அப்படித்தான் நிற்பாள். நான் விட்டு எத்தனையோ வருஷம். உன் பிள்ளையாருக்கு முன்னால் நடக்கிறதா இப்போது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

டிசம்பர் வந்துவிட்டது. வீட்டில் ஒருவரும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இவர் ஒரு நாள் நூலகத்திலிருந்து பிள்ளைகளுக்கான இங்கிலீஷ் படப் புத்தகம் ஒரு கட்டு எடுத்துவந்து மேசையில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிள்ளையின் தாய் வந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும். பெரும்பாலும் அவர்களின் பின்னல் பாண், சடை மாதிரிப் பின்னிய ரொட்டி, சுடுவார்கள். பிறகு மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டுப் பாடி, எல்லாரும் சாப்பிடுவார்கள். விடுமுறைக்கு முந்திய கடைசி வெள்ளி என்னுடைய முறை என்று ரீச்சர் சொன்னாள்.

ஒரு தமிழ்ப் பொம்பிளையைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வா என்று கூப்பிட்டால் அவள் வெறுங்கையோடு போவாளா? பழம் மட்டும் என்றது தினசரிக்கு, இது விசேஷம் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். விடிய முன்னம் எழும்பினேன். மா அவித்து, பயறு வறுத்துத் தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் சேர்த்து, பெரிய தட்டு நிறையக் கொழுக்கட்டை அவித்தேன். ஓரமெல்லாம் பல்லுப் பல்லாகக் கிள்ளி வைத்தேன். டிசம்பர் கோடையின் வடக்குக் காற்று அடுப்பிலிருந்து வருவது போல வீசிய நாள் அது. தட்டின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தைப் பக்கத்து வீட்டு அம்மாவும் பிடித்துக்கொண்டு, மகள் முன்னால் ஓட, ஊர்வலம் மாதிரிப் போய்ச் சேர்ந்தோம்.

ரீச்சர் கதவைத் திறந்தாள். தட்டைக் கண்டாள். முகம் மாறிவிட்டது. மகளை உள்ளே விட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் இதை உள்ளே எடுக்க முடியாது. உங்கள் வீட்டுப் பானை, உங்கள் வீட்டு அடுப்பு. எங்கள் மதச் சட்டப்படி பிள்ளைகள் சாப்பிடக் கூடாது."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "எங்கள் வீட்டில் இறைச்சியே சமைப்பதில்லை. உங்கள் வீட்டைவிடச் சுத்தம்" என்று சொல்லியும்விட்டேன். அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்த நிற்கிற விதத்தில் எனக்கு எங்கள் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. கந்தசட்டி விரதத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் தன் செம்பு, தன் பானை, தன் அகப்பை எல்லாம் கட்டிக்கொண்டு வருவா. அம்மா எவ்வளவு மினுக்கி வைத்தாலும் எங்கள் வீட்டுப் பானையைத் தொடமாட்டா. அதில் எங்களுக்குக் கோபம் வந்ததில்லை. பெரியம்மா அப்படித்தான் என்று விட்டுவிடுவோம். சொந்தப் பெரியம்மாவுக்கு விட்டதை இந்தப் பிள்ளைக்கு விடக்கூடாதா? கோபம் வந்த வழியே இறங்கிவிட்டது.

"சரி, உங்கள் பானையைத் தாருங்கள். உள்ளேயே செய்கிறேன்" என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அப்போதுதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. "உள்ளே இங்கிலீஷ் பேசக் கூடாதே, எனக்கு ஹீப்ரு தெரியாதே?"

"இங்கிலீஷ் மட்டும்தான் கூடாது. வேறு எதுவும் பேசலாம்."

"வேறு எதுவும்?"

"எதுவும்."

பக்கத்து வீட்டு அம்மா தட்டோடு படிக்கட்டில் இருந்துகொண்டார். "என்னுடைய வயிறு இந்தச் சட்டங்களோடு சண்டை போட்டு எவ்வளவோ காலம். நீ போ, இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி ஒரு கொழுக்கட்டையை எடுத்துக் கடித்தார்.

உள்ளே மண்டபத்தோடு ஒட்டிய ஒரு குசினி. நீள மேசையைச் சுற்றி, முழங்கை வரை கழுவிய கைகளோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களுக்குள் என் மகள். அலுமாரியில் கோதுமை மா இருந்தது, மண்ணிறச் சீனி இருந்தது, உலர்ந்த தேங்காய்ப் பூவும் முந்திரிகை வற்றலும் இருந்தன. பயறில்லாத கொழுக்கட்டை எங்கள் ஊரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ஊர் எங்கே, கோல்ஃபீல்ட் எங்கே. தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு பானை வேண்டும். அடித்தட்டில் சிவப்புக் கோடு போட்ட பெரிய பானை ஒன்று இருந்தது. குனிந்து எடுத்தேன்.

ரீச்சர் ஹீப்ருவில் ஏதோ சொன்னாள். நான் பானையோடு நின்றேன். அவள் திரும்பவும் சொன்னாள், கையை ஆட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகியது. கையில் ஒரு பானையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் நிற்பது என்னவென்று அன்றைக்குத்தான் நான் அறிந்தேன்.

"அம்மா, அது இறைச்சிப் பானை, இதை அதிலை அவிக்கக்கூடாது. நீலக் கோடு போட்டதை எடுங்கோ."

என் மகளின் குரல். எங்கள் வீட்டில் கேட்கிற அதே குரல். சத்தமாக, கொஞ்சம் அதிகாரமாக. ரீச்சர் மேசை விளிம்பைப் பிடித்தாள். அவள் அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை.

நான் ஒன்றும் நடக்காதது மாதிரி நீலப் பானையை எடுத்தேன். ஊற்றிய தண்ணீரில் பாதி நிலத்தில் விழுந்தது. மாவைக் குழைத்து மேசையில் வைத்தேன். பிறகு, மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு, அவளைப் பாராமலே தமிழில் சொன்னேன். "எல்லாரையும் ஒரு கொஞ்சம் எடுத்து உருட்டச் சொல்லு பிள்ளை. எலுமிச்சம்பழம் அளவு."

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். திரும்பி, ஹீப்ருவில் சொன்னாள்.

ஒரு சொல் இரண்டு சொல் அல்ல, முழு வசனம். பிள்ளைகள் குனிந்து மா எடுத்தார்கள். ஒரு பெட்டை ஏதோ கேட்டாள், என் மகள் அதற்கும் பதில் சொன்னாள். "அம்மா, இவ கேக்கிறா, இது பாணோ எண்டு." பாண் இல்லை, கொழுக்கட்டை என்று சொல்லு. சொன்னாள். "அம்மா, இவர் தன்ரையைப் பெரிசா உருட்டிப்போட்டார், இது எலுமிச்சம்பழமோ?" அது பூசணிக்காய் என்று சொல்லு. சொன்னாள். மேசை முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டுச் சோற்று மேசையில் நான் அடக்கி அடக்கி அலுத்த அந்த வாய், பிறகு மூடவே இல்லை. தட்டையாக்கு என்றாள், சீனி வை என்றாள், மடி என்றாள், இப்படி இல்லை இப்படி என்று ஒருவனின் கையைப் பிடித்து ஓரம் கிள்ளிக் காட்டினாள்.

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்து, "மை காட்" என்றாள்.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்து, கதவை நோக்கி விரலை நீட்டினார்கள். "அம்மா, ரீச்சர் இங்கிலீஷ் கதைச்சிட்டா, வெளியிலை போகவேணும்" என்றாள் என் மகள். ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையாகவே வெளியே போனாள். படிக்கட்டில் அவளும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிப்பது உள்ளே கேட்டது.

பாண் மா சல்லடையை நீலப் பானையின் மேல் வைத்து, ஈரத்துணி விரித்து அவித்தோம். பாதி வெடித்துச் சீனி வெளியே வந்துவிட்டது. ஒரு பிள்ளையும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி எல்லாரும் கண்ணைப் பொத்தினார்கள், நானும் பொத்தினேன். நல்ல காலம், ஒருவருக்கும் என் கண் தெரியவில்லை.

மத்தியான வெயிலில் வீட்டுக்கு நடந்தோம். பக்கத்து வீட்டு அம்மா வெற்றுத் தட்டோடு எங்களுக்கு முன்பே போய்விட்டார். சாயங்காலம் இவர் வந்து சப்பாத்துக் கழற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அந்தப் புத்தகக் கட்டை இனி நானே எடுத்து வாசித்துக் காட்டுவேன், படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்லுவேன். இங்கிலீஷ் தன்பாட்டில் வரும், வரட்டும். சந்தோஷத்தில் நான் வேகமாக நடந்திருக்க வேண்டும். மகள் என் விரலைப் பிடித்து இழுத்து நிற்பாட்டினாள்.

"அம்மா, ரீச்சர் சொன்னது விளங்காம நிண்டனீங்கள், பயமா இருந்ததோ?"

"ஓம், கொஞ்சம் பயமாத்தான் இருந்தது."

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"பயப்பிடாதீங்கோ. கொஞ்ச நாளைக்குப் பேசாம இருந்து கேட்டுக்கொண்டு இருங்கோ. பிறகு தானா வந்திடும். அது வரைக்கும் நான் சொல்லித் தாறன்."